கடன் முற்றினால் என்ன செய்வது: வன்னியில் இருப்பவர்களுக்கான சட்ட வழிகள்

வங்குரோத்து அறிவித்தால் எல்லாக் கடனும் ஒரே நாளில் அழிந்துவிடும் என்று யூரியூப்பில் பார்த்துவிட்டுச் சட்டத்தரணியிடம் வருபவர்கள் உண்டு. அந்தக் காணொளிகள் பல இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்தில் அவற்றுக்கு வேலை இல்லை. நம் நாடான இலங்கையில் இதற்கு இருப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது கடைசிக் கதவு. அதற்கு முன்னால் திறந்து பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதல் வேலை கொப்பி எழுதுவது. கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யாரிடம், எந்தத் திகதியில், தாளில் எழுதிய தொகை எவ்வளவு, உண்மையில் கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, யார் பிணை, என்ன ஈடு, கடைசியாகக் காசு கட்டிய திகதி என்ன. இந்தக் கடைசித் திகதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்; வழக்கு என்று வந்தால் முதலில் தேடுவதும் அதைத்தான். வங்கி, பைனான்ஸ் கடன் எல்லாம் ஞாபகம் இல்லாவிட்டால் உங்கள் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்துப் பாருங்கள். உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

கிழமைக் காசுக் கடனின் வட்டியையும் அந்தக் கொப்பியிலேயே கணக்குப் பாருங்கள். 100,000 ரூபா எடுத்து, கிழமைக்கு 2,500 ரூபா வீதம் 52 கிழமை கட்டினால் மொத்தம் 130,000. "வட்டி 30 வீதம்தான்" என்பார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதற்பணம் குறைந்துகொண்டு போகிறது. நடு வருடத்தில் முதற்பணத்தில் ஏறத்தாழ 57,000 ரூபாதான் நிலுவையாக நிற்கும். குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 54 வீதம். காப்புறுதி, பதிவுக் கட்டணம் என்று முதலிலேயே கழித்திருந்தால் இன்னும் கூடும். எந்தக் கடனை முதலில் முடிப்பது என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதிகம் சத்தம் போடுகிற ஆளுக்கு முதலில் கொடுத்தால், அதிக வட்டிக் கடன் அப்படியே நிற்கும்.

தனியாரிடம் வட்டிக்கு வாங்கிய காசுக்குக் கடன் நோட்டு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதன் பிரதி இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விடயங்களைத் தேடுங்கள்: உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி அல்லது கட்டணம், ஆண்டுக்கு இத்தனை வீதம் என்ற வட்டி. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி இந்த மூன்றும் தனித்தனியாக நோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நோட்டை வைத்து வழக்கில் வெல்வது கடினம். கவனக்குறைவால் நடந்தது, சட்டத்தை ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று கடன் கொடுத்தவர் காட்டினால் மன்றம் மன்னிக்கலாம். 50,000 கொடுத்துவிட்டு 80,000 என்று எழுதிய பொய் நோட்டும் இதே சட்டத்தில் மாட்டும். வட்டி மிதமிஞ்சியிருந்தால் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றால், காசு கைமாறிய நாளையும் தொகையையும் அங்கு நின்றவர்களின் பெயரையும் இன்றே கொப்பியில் எழுதி வையுங்கள்.

அடுத்தது காலாவதி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்துமூலக் கடனுக்கு 6 வருடம், வாய்வழிக் கடனுக்கு 3 வருடம், கடைக் கணக்குக்கு 1 வருடம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதியை நீங்கள் எதிர்வாதமாக எடுக்கலாம். எடுக்கத் தவறினால் மன்றம் தானாக எடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். ஏழு வருடப் பழைய கடனுக்கு ஒருவர் வந்து, "சும்மா ஒரு 500 ரூபா போடுங்கோ அண்ணை, இந்தத் தாளிலயும் ஒரு கையெழுத்து" என்று கேட்டால் அது சும்மா இல்லை. பகுதியாகக் கட்டுவதும், கடனை எழுத்தில் ஒத்துக்கொள்வதும் காலத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடச் செய்யலாம்.

இனிக் காணி. வன்னியில் வயலும் மேட்டுக் காணியும் பெரும்பாலும் பெர்மிற் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியையோ அளிப்புக் காணியையோ கடன் தீர்ப்புக்காக நீதிமன்றம் கைப்பற்றி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் வட்டிக்காரரிடம் ஈடு வைத்ததும், "விற்று" எழுதிக் கொடுத்ததும் செல்லாது. உரிய சம்மதத்தோடு வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் கதை வேறு. பெர்மிற்றை ஒருவர் வாங்கி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்பதால் காணி அவருடையது ஆகிவிடாது. பிரதேச செயலகக் காணிக் கிளையில் உங்கள் கோப்பு இருக்கிறது. அங்கே போய் நிலைமையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உறுதிக் காணியை (சொந்த உறுதிப்பத்திரம் உள்ள காணியை) வங்கிக்கு ஈடு வைத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி சில கடன்களுக்கு வங்கியே, வழக்கு இல்லாமல், ஏலம் விடலாம்.

தீர்ப்பு வந்து பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வீட்டுக்கு வந்தாலும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. உடுப்பு, படுக்கை, தொழில் கருவிகள், விவசாயி என்றால் வேளாண்மைக் கருவிகளும் பிழைப்புக்குத் தேவை என்று மன்றம் கருதும் மாடுகளும் விதைநெல்லும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவில் விலக்கப்பட்டவை. லீசிங் ரக்ரரை இதற்குள் போடாதீர்கள். காசு கட்டி முடியும்வரை அது நிறுவனத்தின் சொத்து.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பேசப் போக வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் அவர்களின் முத்திரையை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். முதல் நிலுவை, வட்டி, தண்ட வட்டி மூன்றையும் பிரித்து எழுத்தில் கேளுங்கள். மாதத் தவணைக்குச் சம்மதிக்காதீர்கள்; நெல் விற்ற காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோக அறுவடை முடிந்ததும் இவ்வளவு, சிறுபோகம் முடிந்ததும் இவ்வளவு என்று கேளுங்கள். "ரீ-செடியூல்" (தவணைகளை மாற்றி எழுதுவது) செய்யும்போது பழைய வட்டியை முதலோடு சேர்த்துவிடுகிறார்களா என்று பாருங்கள். சேர்த்தால் வட்டிக்கு வட்டி ஓடும். ஒரு கடனை அடைக்க மனைவி பெயரில் இன்னொரு குழுக்கடன் எடுப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிற பிழை.

கடன் கட்டாதது குடியியல் விடயம். அதற்காகப் பொலிஸ் பிடித்து அடைக்க முடியாது. செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் மட்டும் கவனம், அது குற்றவியல் வழக்காகலாம். வசூலுக்கு வருபவர் இரவில் முற்றத்தில் குந்தியிருந்தால், பக்கத்து வீட்டில் சொல்லி அவமானப்படுத்தினால், நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் குறித்துக்கொண்டு முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி இலக்கம் 1935. மத்திய வங்கியின் அனுமதி இல்லாத வட்டிக்காரர் மிரட்டினால் அது பொலிஸ் முறைப்பாடு.

வங்கி, பைனான்ஸ் நிறுவனங்கள் 150,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்கு 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில் வழக்குப் போடும். இதில் முதல் தாளே தற்காலிகத் தீர்ப்பாக வரும். அதில் குறித்த திகதிக்குப் போகாவிட்டால் அதுவே இறுதித் தீர்ப்பு. சும்மா போய் நின்றாலும் போதாது: எதிர்வாதம் செய்ய மன்றத்தின் அனுமதி வேண்டும். அதற்குச் சத்தியக் கடதாசி வேண்டும், அதில் விசாரிக்கத்தக்க ஒரு பிரச்சினை இருக்க வேண்டும். கட்டிய பற்றுச்சீட்டு கணக்கில் வரவில்லை என்பது போல. இல்லையென்றால் பணமோ பிணையோ வைக்கச் சொல்லலாம். தாள் கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு, தொலைபேசி இலக்கம் 1985. அடையாள அட்டை, வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம், அந்தக் கொப்பி, பற்றுச்சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். தவணைக்கு இணங்கித் தீர்ப்பு எடுத்தால், ஒரு தவணை தவறினாலே முழுத் தொகைக்கும் பிஸ்கால் வரலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று வாசியுங்கள்.

கடைசிக் கதவு வங்குரோத்து. மாவட்ட நீதிமன்றத்தில் மனு, சொத்துக்கும் கடனுக்கும் முழுப் பட்டியல், வர்த்தமானி அறிவித்தல், சொத்தைப் பொறுப்பேற்க ஒருவர் நியமனம், கடன்கொடுத்தோர் முன்னால் விசாரணை, பிறகே விடுவிப்புச் சான்றிதழ். சொத்தை ஒளித்தாலோ, ஒரு சொந்தக்காரருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தாலோ சான்றிதழ் கிடைப்பது சந்தேகம். செலவும் காலமும் அதிகம். சில இலட்சக் கடனுக்கு இது கட்டாது. ஈடு வைத்த சொத்தில் வங்கியின் உரிமை அப்படியே நிற்கும். நீங்கள் விடுபட்டாலும் உங்களுக்குப் பிணை நின்றவர் விடுபடமாட்டார், வங்கி அடுத்த நாளே அவரிடம் போகும். மனுவில் கையெழுத்து வைக்கும் முன் அவரைக் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள்.