இஸ்திகாரா தொழப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஏ.எல். ரிசல்ட் வந்தாலும் சரி, கலியாணப் பேச்சு வந்தாலும் சரி, கட்டாருக்கு விசா வந்தாலும் சரி, எங்கள் கல்முனைப் பக்கம் வீட்டில் அடுத்ததாக வாயில் வருவது இஸ்திகாராதான், அதாவது ஒரு காரியத்தில் இறங்கமுன் அதில் நல்லதை ஆக்கித் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை. நல்ல பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னேரங்களில் என்னிடம் ஓத வருகிற பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்று கதைக்கிற உம்மாமாரும் அதைச் செய்கிற விதத்தைக் கேட்டால், எங்கள் காலத்துக் கூத்தெல்லாம் அப்படியே திரும்ப நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வுழு, கிப்லா, நிய்யத் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இதை வாசிக்கப்போவதும் இல்லை.

முதலில், இருப்பது என்ன என்று பார்த்துக்கொள்வோம். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரழி) அறிவிக்கிற ஹதீஸ் புஹாரி ஹதீஸ் நூலில் இருக்கிறது. குர்ஆனின் ஒரு ஸூராவைக் கற்றுத்தருவதுபோல, எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தார்கள் என்கிறார். பர்ளு (கட்டாயத் தொழுகை) அல்லாத 2 ரக்அத், அப்புறம் ஒரு துஆ, அவ்வளவுதான். துஆவில் கேட்பது இது: யா அல்லாஹ், உனக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, இது என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் இதை எனக்கு ஆக்கித் தா, லேசாக்கு, பரக்கத் செய், கெட்டதென்றால் இதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் இதைவிட்டுத் திருப்பு, நல்லது எங்கே இருந்தாலும் அதை எனக்கு ஆக்கி, அதில் என்னைத் திருப்திப்படுத்து.

இதில் எங்காவது "எனக்கு ஒரு அடையாளம் காட்டு" என்று இருக்கிறதா? திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அஸருக்குப் பின் தொழுவது

ஷாபிஈ மத்ஹபில் (இமாம் ஷாபிஈயின் சட்டவழியில்) அஸர் தொழுத பின் மஃரிப் வரைக்கும், ஸுபஹு தொழுத பின் சூரியன் உயரும் வரைக்கும் இந்தத் தொழுகை இல்லை. இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கனவுக்குக் காத்திருப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் கோபத்தோடும்.

ஹதீஸில் கனவு இல்லை. பச்சை கண்டால் நல்லது, கறுப்பு கண்டால் கெட்டது என்பது இல்லை. தொழுதுவிட்டு யாரோடும் பேசாமல் போய்ப் படுக்க வேண்டும் என்பதும் இல்லை. 7 தரம் தொழ வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அந்த அறிவிப்பு பலவீனமானது. ஒரு தரம் போதும், மனம் தெளியாவிட்டால் திரும்பத் தொழலாம். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு இஸ்திகாரா என்றால் கனவு, கனவு என்றால் நிறம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சம்மாந்துறைப் பக்கம். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தது. பையன் கட்டாரில், நல்ல சம்பளம் என்றார்கள். ஆளும் பார்க்க மோசமில்லை. உம்மா இஷாவுக்குப் பின் தொழுதுவிட்டுப் படுத்திருக்கிறார், விடியப்புறம் கனவில் பச்சைப் பசேல் என்று வயல், காற்றுக்கு அசைகிறது. அவ்வளவுதான், வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. வாப்பா ஒருதரம் "பையனைப் பற்றி யாரிடமாவது விசாரிப்போமா" என்று கேட்டிருக்கிறார். "அல்லாஹ்வே காட்டித் தந்த பிறகு மனுசனிடம் என்ன விசாரணை" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள். அது தை மாதம். பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிற நேரம் சம்மாந்துறையில் ஜன்னலைத் திறந்தால் பச்சை வயலைத் தவிர வேறென்ன தெரியும்? பகல் முழுக்கக் கண்ணில் பட்டது ராவில் கனவில் வந்திருக்கிறது.

இங்கே கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு எழுத வேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் வந்து இருப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டுக்குக் கூரை போட்டு, பூச்சு முடித்து, டைல்ஸ் பதிக்க வளவில் ஒரு துண்டை விற்று, நிகாஹ்வும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கட்டாரில் வேலை எப்போதோ முடிந்துபோன விஷயமும், ஊரில் நாலு பேரிடம் வாங்கிய கடனும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடன்காரர்களில் ஒருவர் பையனுடைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற கடைக்காரர். ஒரு ஓட்டோவில் ஏறிப் போய், அந்தக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

காசு போனதைக்கூட விடுங்கள். அந்தப் பிள்ளை பிறகு என்னிடம், "இஸ்திகாரா தொழுதும் இப்படித்தானே ராத்தா ஆனது, இனி எதற்குக் கேட்பது" என்றாள். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அல்லாஹ் சொல்லாத ஒன்றை அல்லாஹ் சொன்னதாக வைத்துக்கொண்டு, அது பிழைத்ததும் அவனிடம் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

விசாரிப்பது தவக்குலுக்கு, அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டுவதற்கு, எதிரானது என்று யார் சொன்னது? காரியத்தில் அவர்களோடு ஆலோசனை செய், முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்று ஆல இம்ரானில் 159வது வசனம் இருக்கிறது. வரிசையைப் பாருங்கள், முதலில் ஆலோசனை. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) தன்னை முஆவியாவும் அபூ ஜஹ்மும் பெண் கேட்கிறார்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து சொன்னபோது, அபூ ஜஹ்ம் தோளில் இருந்து தடியைக் கீழே வைக்காதவர், முஆவியா காசில்லாதவர், நீ உஸாமாவை முடித்துக்கொள் என்று உடைத்துச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது. கலியாண விஷயத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்வது புறத்தில் சேராது என்று ஷாபிஈ அறிஞர் இமாம் நவவியும் சொல்லியிருக்கிறார். ஆகவே "புறம் பேசக்கூடாது" என்று நழுவுகிறவர்களையும் விடாமல் கேளுங்கள். பையன் தொழுகிற பள்ளியில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். கட்டாரில் அவன் இருக்கிற ரூமில் எங்கள் ஊர்ப் பொடியன் ஒருத்தனாவது கட்டாயம் இருப்பான், அவனுக்கு ஒரு கோல் எடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்: ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் தொழுதுவிட்டுக் காசைக் கட்டாதீர்கள்.

சரி, கனவில்லாமல் பதில் எப்படித் தெரியும் என்பீர்கள். விசாரித்து, தொழுது, அப்புறம் காரியத்தில் இறங்குங்கள். கேட்டதே "நல்லதென்றால் லேசாக்கு, கெட்டதென்றால் திருப்பு" என்றுதானே. நடந்தால் நடக்கும், தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். இஸ்திகாராவுக்குப் பின் எது அமைகிறதோ அதைச் செய்யட்டும் என்றுதான் ஷாபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் சொன்னதாக வருகிறது. அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிக்குப் போடுவதா, ஒலுவில் கெம்பஸுக்குப் போவதா என்று கனவுக்குப் பார்த்துக்கொண்டிருந்து விண்ணப்ப முடிவு திகதியைக் கோட்டைவிட்ட பிள்ளையும் என் வகுப்பில் இருந்தாள். கனவும் வரவில்லை.

இன்னொருவரைத் தொழவைப்பது

"ராத்தா, நீங்க தொழுதால் கபூலாகும், எனக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்லுங்களேன்." என்னிடம் கேட்டால் பதில் இல்லை என்பதுதான். துஆ செய்யச் சொல்லுங்கள், சந்தோசமாகச் செய்கிறேன். ஆனால் வாழப்போகிறது நீங்கள். நபி (ஸல்) அவர்கள் பெண் கேட்டு அனுப்பியபோதுகூட ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி), என் றப்பிடம் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன் என்று தானே எழும்பித் தொழுகிற இடத்துக்குப் போனார்கள். போட்டோவும் உம்மாவின் பெயரும் கொண்டுபோய்க் கொடுத்து, காசும் வைத்து, பார்த்துச் சொல்லச் சொல்கிற இடங்களைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அது இஸ்திகாராவே இல்லை.

முடிவெடுத்துவிட்டுத் தொழுவது

அட்வான்ஸ் கட்டியாச்சு, ஹோலும் புக் பண்ணியாச்சு, இனி ஒரு பேச்சுக்கு 2 ரக்அத். முன்பே மனதில் இருந்த ஆசையை இஸ்திகாராவின் பதிலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நவவி இமாம் எச்சரிக்கிறார். ஆசை இருக்கட்டும், அது மனிசருக்கு இருக்கத்தான் செய்யும். "இல்லை" என்று வந்தால் விட முடியுமா என்று மட்டும் தொழமுன் உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

குர்ஆனைக் கண்ணை மூடித் திறந்து பார்ப்பது

வேண்டாம்.

வட்டிக் கடனுக்கு இஸ்திகாரா

ஹராமுக்கு இல்லை. பர்ளுக்கும் இல்லை, ஹஜ்ஜுக்குப் போவதா என்று கேட்கக்கூடாது, எந்த வருடம், யாரோடு என்று கேட்கலாம்.

"இஸ்திகாராவில் சரிவரவில்லை" என்று சொல்லிக் கழன்றுவிடுவது

கைக்கூலி (சீதனக் காசு) போதவில்லை, அல்லது வேறிடத்தில் பெரிய வீடு கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கம், ஆகவே அல்லாஹ்வின் பெயரில் சொல்லி அனுப்புகிறார்கள். பெண் வீட்டாரால் ஒன்றும் திருப்பிக் கேட்க முடியாது. ஊர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, என்ன குறையோ என்று கதைக்கும். "எங்களுக்குத் தோதில்லை" என்று சொல்லிப் பழகுங்கள், வாய் கோணாது.

தொழுகை இல்லாத நாட்கள்

பெண் பிள்ளைகள் இந்த நாட்களில் நின்றுவிடுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாளை மறுநாள் பதில் கேட்டால் என்ன செய்வது? துஆவை மட்டும் ஓதுங்கள், போதும்.

காரியத்தைச் சொல்லாமல் விடுவது

துஆவில் "ஹாதல் அம்ர" (இந்தக் காரியம்) என்று வருகிற இடத்தில் உங்கள் தேவையைச் சொல்ல வேண்டும், ஹதீஸிலேயே அப்படித்தான் இருக்கிறது. தமிழில் சொன்னாலும் சரி, மனதில் நினைத்தாலும் சரி. நான் கொடுத்த போட்டோகொப்பியில் அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் "இங்கு தேவையைக் கூறவும்" என்று அச்சடித்திருந்தது. ஒரு பிள்ளை ஒரு கிழமையாக அதையும் சேர்த்தே ராகமாக ஓதியிருக்கிறாள், இரண்டு இடத்திலும். இப்போது கொடுக்கிற தாளில் அந்த வரியை அழித்துவிட்டு வெறும் புள்ளிக்கோடு போட்டிருக்கிறேன், பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொல்லி.