மனசு கனத்தால் வகிட்டை மாற்றுங்கள்: கடலோரத்துத் தலைமுடிக்கு ஒரு செய்முறை

மனசு சரியில்லாத ராத்திரியில் கத்திரிக்கோலை எடுக்காதீர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வெட்டின முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அவ்வளவுதான். ஒரு நிமிஷக் கோபத்தில் புருவத்துக்கு மேலே ஏற்றிய நெற்றிமுடி தாடைக்கு இறங்க ஒரு வருஷம் ஆகும். அதனால் இந்தச் செய்முறையை எளிதானது, கடினமானது என்று வரிசைப்படுத்தவில்லை. உடனே கலைக்கக்கூடியது முதலில், கலைக்க முடியாதது கடைசியில். வகிடு ஐந்து நிமிஷத்தில் கலையும். பின்னல் ஒரு இழுப்பில் அவிழும். முடியில் போட்ட அலை தலைக்குக் குளித்தால் போகும். மருதாணி போகவே போகாது.

சிகை மாற்றினால் கவலை தீராது. ஆனால் இரண்டு கையும் தலைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கற்றைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் மனசு வேறெங்கும் போனால் பின்னல் தப்பிவிடும். அந்த அரை மணி நேரம்தான் லாபம். அழகாக வந்தால் அது இனாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் சீப்பு போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

முதலில் தண்ணீரும் காற்றும்

மதுரையில் நிற்கிற சிகை ராமேஸ்வரத்துக்கு முன்னால் கடலோரத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் நிற்காது. காற்று வேகமெடுத்தால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிற ஊர் இது. ஒரு ஹேர்பின் என்ன செய்யும்? ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று முடியை இழுத்துப் பறத்தும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு ஈரமும் சேர்ந்து முடியைப் படிய வைக்கும். எந்த மாதமானாலும் காற்றிலுள்ள உப்பு முடியில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால்தான் சாயங்காலம் தலை பிசுபிசுவென்று இருக்கிறது.

போர் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாக முடியில் ஒட்டும். சிக்கு விழுவது பாதி அதனால்தான். தலைக்குச் சோப்பை விட்டு ஷாம்புவோ சீயக்காயோ போடுங்கள். முழுக் குளியலுக்கும் குடிக்கிற காவிரித் தண்ணீர் கிடைக்காது, வேண்டியதும் இல்லை. கடைசியாக ஊற்றும் இரண்டு லிட்டர் மட்டும் குடத்தில் பிடித்துவைத்த அந்த நல்ல தண்ணீராக இருக்கட்டும். அதில் ஒரு லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து முடியில் ஊற்றி, ஒரு நிமிஷம் விட்டு, மீதி ஒரு லிட்டரில் அலசுங்கள். வாரம் ஒரு தரம் போதும். தினமும் செய்தால் முடி வறண்டுபோகும்.

பிறகு பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். தேங்காய்ப்பூத் துண்டால் பரபரவென்று தேய்த்தால் ஈர முடி உரசிச் சிலும்பும்.

தேவையான சாமான்

அகலப் பல் சீப்பு ஒன்று, வால் சீப்பு ஒன்று, துணி சுற்றிய ரப்பர் பேண்டு நான்கு, கொண்டை ஊசி ஆறு, ஹேர்பின் ஒரு அட்டை, முடியைப் பிரித்துப் பிடிக்க நண்டு கிளிப் இரண்டு, தண்ணீர் தெளிக்க ஸ்ப்ரே பாட்டில், தேங்காய் எண்ணெய் சில சொட்டு. பணத்தைக் கட்டும் வெறும் ரப்பர் வேண்டாம். கழற்றும்போது பத்து முடியாவது கூடவே வரும்.

சிக்கெடுத்தல்

துக்க வீடுகளில் பதினாறு முடியும் வரை பூவும் அலங்காரமும் வேண்டாம் என்பார்கள். அந்த நாட்களுக்கு இது மட்டும் போதும். சிக்கெடுப்பதை யாரும் அலங்காரத்தில் சேர்ப்பதில்லை.

முடியை நான்காகப் பிரியுங்கள். நுனியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் சீவுங்கள். சிக்கு விட்டதும் இன்னும் நான்கு விரல் மேலே போங்கள். வேரிலிருந்து ஒரே இழுப்பில் சீவினால் சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே ஒரே முடிச்சாகச் சேரும், அப்புறம் வெட்டத்தான் வேண்டும். முடிந்தால் இதை அடுத்தவர் கையில் விடுங்கள். மத்தியானம் வாசப்படியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து பேன் பார்க்கிற வழக்கம் இன்னும் போய்விடவில்லை. மதினியோ, லாத்தா என்று கூப்பிடும் அக்காவோ பின்னால் உட்கார்ந்தால் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். சில பேச்சு அப்படித்தான் வரும்.

சீப்பில் வரும் முடியைப் பார்த்து மிரளாதீர்கள். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய துக்கம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வு திடீரென்று கூடும். காரணம் போன பிறகு விளைவு வருவதால் எண்ணெயையும் தண்ணீரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வகிடு மாற்றுதல் (5 நிமிஷ வேலை, 20 நிமிஷக் காத்திருப்பு)

நேர் வகிட்டை ஓரத்துக்குக் கொண்டுபோவதுதான் மிகச் சின்ன மாற்றம், ஆனால் முகம் உடனே வேறாகும். ஒரு பக்கப் புருவத்தின் வளைவு உச்சிக்கு நேர் மேலே வால் சீப்பின் முனையை வைத்து, உச்சந்தலை நோக்கிப் பின்னால் இழுங்கள்.

இழுத்தும் முடி பழைய பக்கமே சாயும். வருஷக்கணக்கில் ஒரே பக்கம் படிந்த முடி வேரிலேயே அந்தப் பக்கம் மடிந்திருக்கிறது. நுனியைச் சீவி என்ன பயன்? வேரை மட்டும் நனையுங்கள், புதுப் பக்கத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே சாய்த்துச் சீவுங்கள், கிளிப் போட்டு 20 நிமிஷம் காயவிடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

உச்சி மெலிந்திருந்தால் நேர்கோடாக எடுக்காமல் சீப்பு முனையை இடமும் வலமுமாக நெளித்து இழுங்கள். தோல் பட்டையாகத் தெரியாது. இன்னொன்று: புது வகிட்டுத் தோல் வெயில் பார்க்காதது. தனுஷ்கோடி மணலில் ஒரு மணி நேரம் நின்றால் கன்றிவிடும், தலையில் துணி போடுங்கள்.

மீன்முள் பின்னல்

கச்சான் காலத்துக்கு இதைப் பரிந்துரைக்கிறோம். மூன்று கால் பின்னலைவிட இதில் குறுக்குப் பிடி அதிகம், சின்ன முடியும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பெயருக்கு விளக்கம் இந்தக் கரையில் வேண்டாம். சாப்பிட்டு முடித்த இலையில் கிடக்கும் நடுமுள்ளைப் பார்த்தவர்களுக்கு வடிவம் தெரியும்.

1. பிடரியில் முடியைச் சேர்த்து ஒரு சின்ன ரப்பர் போடுங்கள். பழகும்வரை இது உதவிக்கு, கடைசியில் வெட்டி எடுத்துவிடலாம்.

2. கீழே தொங்கும் முடியை இரண்டு சம பங்காகப் பிரியுங்கள். மூன்று இல்லை, இரண்டுதான். நுனியில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் பிசிறு எழாது.

3. வலப் பங்கின் வெளி ஓரத்திலிருந்து அரை விரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடுத்து, மேலாகக் கொண்டுவந்து இடப் பங்கின் உள்பக்கத்தோடு சேருங்கள். இப்போது அது இடப் பங்குக்குச் சொந்தம்.

4. இடப் பங்கின் வெளி ஓரத்திலிருந்து அதே அகலத்துக்கு எடுத்து வலப் பங்கோடு சேருங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பங்கையும் பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள். இதையே நுனி வரை.

முதல் தடவை 20 நிமிஷம் ஆகும். முள் தெரியாமல் சாதாரணப் பின்னல் மாதிரி வந்தால் கற்றை தடிமனாகிவிட்டது. பின்னல் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு போனால், எழுதும் கை மற்றதைவிட அதிகமாக இழுக்கிறது. நடுவில் ஓட்டை விழுந்தால் கற்றையை வெளி ஓரத்திலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பாதியில் எந்தப் பக்கம் எடுத்தோம் என்று மறந்துவிட்டால் எந்தப் பக்கம் தடிமனாக இருக்கிறதோ அங்கிருந்து எடுங்கள், சரியாகிவிடும்.

முடி கழுத்தோடு நின்றால் இது வராது. பக்கத்துக்கு ஒன்றாகக் காதோரம் இரண்டு முறுக்கு எடுத்துப் பின்னால் ஒரே கிளிப்பில் சேர்த்துவிடுங்கள்.

ராத்திரிப் பின்னலில் காலை அலை

முடி முக்கால்வாசிக்கு மேல் காய்ந்ததும் நான்கு முதல் ஆறு பின்னலாகப் போட்டுத் தூங்குங்கள். நனையும்போது முடிக்குள் அவிழும் சின்னப் பிணைப்புகள் காயும்போது புது வளைவில் திரும்பச் சேரும், தந்திரம் அவ்வளவுதான். காலையில் முழுக்கக் காய்ந்த பிறகே அவிழ்த்து, சீப்பு படாமல் விரலால் பிரியுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அவிழ்த்த கையோடு நேராகிவிடும்.

உண்மையைச் சொன்னால் கடற்கரையில் இது மத்தியானத்தைத் தாண்டாது. எந்த ஈரத்தால் அலை பிடித்ததோ அதே ஈரம் காற்றில் வந்து அழித்துவிடும். கல்யாணத்துக்கு நம்பாதீர்கள். ஒரு காலைப் பொழுதின் சந்தோஷத்துக்குச் செய்யுங்கள்.

கொண்டையும் தலைத்துணியும்

ஈரத் தலையில் கொண்டை போடக் கூடாது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி வருகிறவர்கள் அப்படியே முடிந்துகொண்டு பஸ் ஏறுவார்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் வாடை எடுக்கும், நாள்பட்டால் பொடுகும் அரிப்பும். முக்காட்டுக்குள்ளும் இதேதான். கீழே பருத்தித் தொப்பி, அதன் மேல் துணி, அதற்குள் உலர்ந்த முடி.

கொண்டையின் இடத்தை மூன்று நாளுக்கு ஒரு தரம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் கன்னப்பொறியும் மெல்ல ஏறும், வருஷக்கணக்கில் விட்டால் வேர் செத்துப்போகும். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் தலைத்துணியை இறுக்கிக் கட்டாமல் வேலை செய்ய முடியாது. வேலை முடிந்து கரையேறியதும் தளர்த்திவிடுவதுதான் இதற்கு வழி.

ஆண்களுக்கு

சலூனில் "கொஞ்சம் குறைச்சு" என்றால் வெட்டுகிறவருக்கும் உங்களுக்கும் கொஞ்சம் வேறு வேறு. மெஷின் சீப்பின் எண்ணைச் சொல்லுங்கள்: 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் சுமார் 10, 4 என்றால் 13. முதல் தடவை பக்கவாட்டில் 4 போதும். போதாவிட்டால் அங்கேயே 3 போடலாம். 1 போட்டுவிட்டு 4 கேட்க முடியாது. தாடி, மீசைக்கும் இதே கணக்குதான்.

மருதாணி

100 கிராம் வெறும் மருதாணிப் பொடியில் சுமார் 300 மி.லி. வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் ஊற்றி, தோசை மாவுக்கும் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ஆறு மணி நேரம் மூடி வையுங்கள். தலையில் இரண்டு மூன்று மணி நேரம். முதல் நாள் ஆரஞ்சாகத் தெரிந்து இரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். முதல் நாளே பதறி அதன் மேல் வேறு சாயம் பூசாதீர்கள். கருப்பாகவே பிடிக்கும் என்று விற்கிற மருதாணியில் ரசாயனச் சாயம் இருக்கக்கூடும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்காமல் தொடாதீர்கள்.

கடைசியாகக் கத்திரி

வெட்டியே தீர வேண்டும் என்று தோன்றினால் மூன்று ராத்திரி போகட்டும். நான்காம் நாள் பகலிலும் அதே எண்ணம் இருந்தால் சரி. அதுவும் நேர் நெற்றிமுடி இந்தக் காற்றுக்கு ஆகாது, பாதி பறக்கும், பாதி நெற்றியில் ஒட்டும். கன்ன எலும்பு வரை வரும் சாய்ந்த நெற்றிமுடி நல்லது. பிடிக்காவிட்டால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடலாம்.

சீப்பை உச்சியில் படுக்க வையுங்கள். முன்பக்கம் தலை சரியத் தொடங்கும் இடத்துக்கு மேலே சீப்பு தூக்கி நிற்கும். அதுதான் முக்கோணத்தின் முனை, அதற்குப் பின்னால் போகாதீர்கள். முக்கோணத்தின் அடி ஒரு புருவ வளைவிலிருந்து மறு புருவ வளைவு வரை. மீதி முடியைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கத்திரியில் மாட்டும்.

முடி காய்ந்திருக்க வேண்டும். ஈர முடி நீளும். அளந்து வெட்டியது காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும், சுருட்டை முடியானால் இன்னும் ஏறும். முதல் வெட்டு வாய் மட்டத்தில். விரலால் இறுக்கி இழுக்காமல் சும்மா தொங்கவிட்டுப் பிடித்து, கத்திரியை நிமிர்த்திப் பிடித்து, நுனியில் அரை செ.மீ. அரை செ.மீ. ஆகக் கொத்துங்கள். கிடைமட்டமாக ஒரே வெட்டு வெட்டினால் கோணல் அப்பட்டமாகத் தெரியும்.

குட்டையாகிவிட்டதா? மேலும் வெட்டிச் சரிசெய்யப் போகாதீர்கள். நெற்றிமுடியை ஓரத்து முடியோடு சேர்த்து முறுக்கி, இரண்டு ஹேர்பின்னைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடுங்கள். ஒற்றைப் பின் காற்றில் நழுவும், குறுக்குப் பின் நழுவாது. பின்னின் நெளிந்த பக்கம் தலைப்பக்கம் இருக்க வேண்டும், நிறையப் பேர் திருப்பித்தான் போடுகிறார்கள். நுனியிலுள்ள பிளாஸ்டிக் பொட்டு உதிர்ந்ததையும் துருவேறியதையும் எறிந்துவிடுங்கள். தோலைக் கீறும், முடியில் கறை பிடிக்கும். உப்புக் காற்றுக்குப் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும். இறுக்க மூடும் டப்பாவில் ஒரு பிடி அரிசி போட்டு அதற்குள் வையுங்கள்.