கணுக்கால் சுளுக்கோடு வரும் விளையாட்டு வீரருக்குச் சிகிச்சையளிக்கும் முறை

விளையாட்டுக் காயங்களுக்கான மறுவாழ்வு மையத்தில் புதிதாகச் சேரும் இயன்முறை மருத்துவர் அடிக்கடி சந்திக்கும் காயங்களுள் ஒன்று கணுக்கால் சுளுக்கு. பாதம் உட்புறமாக மடங்கும்போது, வெளிப்புறப் புடைப்பு எலும்புக்குச் சற்று முன்னால் இருக்கும் லிகமென்ட், அதாவது வீரர்கள் ஜவ்வு என்று சொல்வது, பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

கையால் அசைத்துப் பார்ப்பதற்கு முன் எலும்பு முறிவுக்கான வாய்ப்பை ஆராய வேண்டும். கனடாவில் உருவாகி 1992இல் வெளியான ஒட்டாவா விதிகள் இதற்குப் போதுமானவை. கணுக்கால் பகுதியில் வலியிருந்து, இருபுறப் புடைப்பு எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பின் கீழ் 6 செ.மீ. பகுதியிலோ அழுத்தும்போது எலும்பு வலித்தால் எக்ஸ்ரே தேவை. அடிபட்ட உடனேயும் பரிசோதனையின்போதும் நான்கு காலடி எடுத்துவைத்து நடக்க முடியாதிருந்தாலும் தேவை. நடுப்பாதம் வலித்தால், சுண்டுவிரல் பக்கத்து நீள எலும்பின் அடிப்பகுதியையும் உட்புறப் படகெலும்பையும் அதேபோல அழுத்திப் பார்க்க வேண்டும். கபடி வீரர்கள் பலர் எண்ணெய் போட்டு நீவிவிட்ட பிறகுதான் மையத்துக்கு வருகிறார்கள் என்பதால், காயத்துக்குப் பின் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

வலி கணுக்காலுக்கு மேலே, இரு கால் எலும்புகளும் இணையும் இடத்தில் இருந்தால், அதைச் சாதாரணச் சுளுக்காகக் கருதக் கூடாது. அது குணமாக அதிக நாள் பிடிக்கும். ஜவ்வு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும் முதல் நாளில் சரியாகக் கணிக்க இயலாது. ஆகவே நான்கைந்து நாள் கழித்து மீண்டும் வரச்சொல்லிப் பரிசோதிப்பதே நல்லது.

முறிவு இல்லையென்றால் நீண்ட நாள் படுக்கவைக்க வேண்டியதில்லை. கணுக்காலுக்கு ஆதரவுப் பட்டை அணிவித்து, வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றவும் அசைக்கவும் விடலாம். 1978இல் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, உயர்த்துதல் என்ற வழியைப் பிரபலப்படுத்திய கேப் மிர்கின் என்ற மருத்துவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார். வலிக்காகச் சிறிது நேரம் பனிக்கட்டி வைப்பதை நான் இன்றும் தடுப்பதில்லை.

உண்மையான வேலை வீக்கம் வடிந்த பிறகே தொடங்குகிறது. வீரர்கள் வருவதை நிறுத்துவதும் அப்போதுதான். சுவரை நோக்கி நின்று, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச்சொல்லி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரு கால்களிலும் அளந்து காட்டுங்கள். குறைபாட்டை வீரர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அந்த அசைவை மீட்பதோடு, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல், ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை வெளிப்புறமாகத் தள்ளுதல், ஒற்றைக்காலில் நின்று பந்து பிடித்தல் ஆகியவற்றைத் தொடர வேண்டும். சமநிலைப் பயிற்சியை விட்டுவிட்டால் அதே கால் மறுபடி மடங்கும் வாய்ப்பு கூடுகிறது.

களத்துக்குத் திரும்ப அனுமதிக்கும் முன், நேராக ஓடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒற்றைக்கால் தாவலில் இரு கால்களையும் ஒப்பிட்டு, பிறகு பக்கவாட்டில் திடீரெனத் திரும்பச் சொல்லுங்கள். கபடி வீரரானால், வெறுங்காலில் மண்ணிலோ மேட் விரிப்பிலோ, அவர் உண்மையில் ஆடும் தரையிலேயே சோதிப்பது முக்கியம். அதன் பிறகும் சில மாதங்களுக்கு ஆட்டத்தின்போது டேப் அல்லது ஆதரவுப் பட்டை அணியச் சொல்லி, அதைப் பயிற்சியாளரிடமும் தெரிவித்துவிடுங்கள்.