நியூயார்க் பிரைமரி: வாக்குச்சீட்டில் பெயர் ஏற 500 கையெழுத்து

நியூயார்க் மாநிலக் கீழவையில் 150 இடங்கள். அதில் ஒன்றுக்குக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் நிற்க, அந்தத் தொகுதியில் அதே கட்சியில் பதிவான வாக்காளர்கள் 500 பேரின் கையெழுத்து வேண்டும். மேலவைக்கு 1,000. அந்த வாக்காளர்களில் 5 சதவீதம் இதற்கும் குறைவென்றால் அது போதும். பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி 37 நாள்தான் அவகாசம். ஜூனில் வாக்குப்பதிவு.

கணக்கு 500 என்றாலும் 1,500 வாங்குங்கள். ஏன் மூன்று மடங்கு என்பதற்கு 1996இல் சிகாகோவில் நடந்ததே போதும். இல்லினாய் மேலவைத் தொகுதி ஒன்றுக்குத் தேவைப்பட்டவை 757. பதவியில் இருந்த ஆலிஸ் பாமர் கொடுத்தவை 1,580. எதிர்த்து நின்ற பராக் ஒபாமாவின் ஆட்கள் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரும்பகுதி அடிபட, பாமர் விலகினார். மற்றப் போட்டியாளர்களும் அப்படியே கழிய, ஒபாமா பிரைமரியில் தனியாளாக நின்றார்.

முதலில் தேர்தல் வாரியத்திடம் கட்சி வாரியான வாக்காளர் பட்டியலை வாங்கி, தெரு வரிசையாகப் பிரியுங்கள். ரயில் நிலைய வாசலில் நின்று வாங்குவது சுலபம், ஆனால் பாதிப் பேர் வேறு தொகுதி, வேறு கட்சி, அல்லது எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள். மாலையில் கதவு தட்டுவதே மேல்.

கையெழுத்து வாங்கும் தாளில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? தேதி, கையெழுத்து, அச்செழுத்தில் பெயர், பதிவான முகவரி, ஊர். நியூயார்க் நகரத்துக்குள் என்றால் ஊருக்குப் பதில் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு). குயின்ஸில் இருப்பவர் பழக்கதோஷத்தில் ‘நியூயார்க்’ என்று எழுதிவிட்டால் அது மன்ஹாட்டன் அடங்கிய கவுன்டியின் பெயர்! கையெழுத்தை மட்டும்தான் வாக்காளர் தானே போட்டாக வேண்டும். தேதியையும் முகவரியையும் நீங்களே நிரப்பலாம், நிரப்புங்கள். தேதியில் 3ஐ 5ஆகத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், இல்லையேல் அந்த வரி ஆட்சேபத்துக்கு இரை. கணவருக்காக மனைவி போடுவதும் செல்லாது. நம் தமிழர்களிடம் ஒரு சிக்கல்: வாக்காளர் பதிவில் தமிழில் கையெழுத்திட்டவர் இங்கே ஆங்கிலத்தில் போட்டால் இரண்டும் பொருந்தாது. பதிவில் எப்படியோ அப்படியே போடச் சொல்லுங்கள்.

ஒரே பதவிக்கு ஒருவர் இரண்டு பேருக்குக் கையெழுத்திட்டால் முந்திய தேதியிட்டதுதான் நிற்கும். ஆகவே முதல் வாரத்திலேயே பாதியை முடித்துவிட வேண்டும்.

தாளின் அடியில், கையெழுத்துகளை வாங்கியவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார். அவர் அதே கட்சியில் பதிவான நியூயார்க் வாக்காளராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டரி. சாட்சி போட்ட தேதிக்குப் பிந்திய தேதியில் மேலே ஒரு வரி இருந்தால் அது அடிபடும். அதனால் தாள் நிறைந்த பிறகே சாட்சி கையெழுத்திடட்டும். அன்றிரவே ஒவ்வொரு வரியையும் பட்டியலோடு ஒப்பிட்டு, தேறாததை அடித்துவிடுங்கள். போலி என்று சந்தேகம் வந்தால் அந்தத் தொண்டரின் தாள்கள் எதையும் சேர்க்காதீர்கள். மோசடி நிரூபணமானால் இந்தத் தாள்கள் சேர்ந்த மொத்த மனுவுமே போகலாம்.

பக்க எண் இட்டு, கட்டி, முகப்புத் தாளோடு வாரியத்தில் கொடுத்த பின் 3 நாளுக்குள் பொது ஆட்சேபம் வரலாம். வரி வரியான ஆட்சேபத்துக்கு அதற்குப் பின் 6 நாள். அதற்குள் தேர்தல் சட்டம் தெரிந்த வக்கீல் கைவசம் இருக்கட்டும். வேறு வக்கீலுக்கு இந்தக் காலக்கெடுக்கள் பிடிபடாது.