கடைக்குட்டிக்கு ஏற்ற மலை எது? வேலூர் பக்கம் குழந்தைகளோடு மலையேறத் திட்டமிடுவது எப்படி

வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். எதில் ஏறலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால் எல்லோரும் உயரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதை விடுங்கள். கடைக்குட்டிக்கு என்ன வயது, கால் வலித்தால் யார் தூக்குவது, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் மலை தானாகவே முடிவாகிவிடும்.

1. முதல் தடவை படிக்கட்டு மலை போதும்

வழி தவறாது, உட்கார இடம் உண்டு, ஆள் நடமாட்டமும் இருக்கும். காட்பாடி தாண்டிப் போனால் வள்ளிமலை. மேலே முருகன் கோயில், மலையிலேயே சமணச் சிற்பங்கள். வள்ளி இங்கேதான் தினைப்புனம் காத்தாள் என்று கதை சொல்லிக்கொண்டே ஏறலாம், நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கதை இருபது படி தாங்கும், அப்புறம் அடுத்த கதை வேண்டும்.

சோளிங்கர் பெரிய மலை 1,300 படிக்கும் மேல், எடுத்தவுடனே அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலை 400 சொச்சம் படிதான். பெரிய மலைக்கு 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது, தாத்தா பாட்டி அதில் வரட்டும். அங்கே குரங்குகள் பொல்லாதவை. கையில் பிளாஸ்டிக் கவர் ஆடினாலே பிடுங்கிவிடும், அதனால் தின்பண்டம் எல்லாம் ஜிப் போட்ட முதுகுப் பையில், அதுவும் பெரியவர் முதுகில்.

படி பழகிய பிறகு மண் பாதை. ஏலகிரியில் மங்களம் கிராமத்திலிருந்து சுவாமி மலைக்கு ஏறும் பாதை அதற்கு நல்லது. காட்டுப் பாதை என்பதால் கிளம்பும் முன் வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் அனுமதி, கட்டணம், குழந்தைகளுக்கான வயது நிபந்தனை மூன்றையும் பார்த்துவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் மலையேற்றத்தை நிறுத்தியும் வைப்பார்கள். இன்னொன்று, மேலே போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை ஏழாவது வளைவிலேயே வாந்தி எடுக்கும். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், ஒவ்வொரு வளைவுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள், பலகையைப் படிக்கச் சொன்னால் பார்வை வெளியே இருக்கும்.

2. நேரம்தான் எல்லாமே

நம் ஊர் வெயிலைப் பற்றி நம்மிடமே சொல்ல வேண்டியதில்லை. இந்த மலைகள் பெரும்பாலும் பாறை, காலையில் வாங்கிய சூட்டைப் பத்து மணிக்கெல்லாம் கக்க ஆரம்பித்துவிடும், கோயில் படியில் செருப்பில்லாமல் நடக்கும் குழந்தைக்கு அது இன்னும் கொடுமை. மார்ச் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். மார்கழியும் தையும்தான் சரி.

விடிந்ததும் நடக்க ஆரம்பியுங்கள். பெரியவர் மட்டும் போனால் எவ்வளவு நேரமோ அதை இரண்டால் பெருக்குங்கள். திரும்பும் நேரத்தை முந்தைய இரவே முடிவு செய்து, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்: ஒன்பது மணி ஆனால் எங்கே நின்றாலும் இறக்கம்தான், உச்சி வரவில்லை என்றாலும் சரி. இதைச் சொல்லாமல் போனால் ஒன்பது மணிக்கு அழுவது குழந்தை இல்லை, அப்பாதான்.

3. பையில் என்ன

பெரியவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிள்ளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் ஒரு பாட்டில் உபரி. இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் தூவக் கூடாது. கடலை மிட்டாய், வாழைப்பழம், தொப்பி, ஒரு மாற்று உடுப்பு, பிளாஸ்திரி. ஷூ புதிதாக இருந்தால் ஒரு வாரம் தெருவில் போட்டுப் பழக்குங்கள்.

4. ஏறும்போது

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர், பிள்ளைகள் நடுவில். வேகம் கடைக்குட்டியுடையது. தாகம் என்று கேட்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். முகம் சிவந்து, காரணமில்லாமல் சிணுங்கினால் அடம் என்று அதட்டாமல் நிழலில் உட்கார வைத்துக் கழுத்தை நனையுங்கள். வாந்தி, தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டும். பாறை இடுக்கில் கைவிட விடாதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு இறங்கி 108.

5. இறங்கும்போது

விழுவதெல்லாம் இப்போதுதான், ஏனென்றால் கால் தளர்ந்திருக்கும், பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள். கையைப் பிடித்தே இறக்குங்கள். அடிவாரம் வந்ததும் காரில் ஏற்றிவிடாதீர்கள், ஏறிய நிமிஷமே தூங்கிவிடும். முதலில் மரத்தடியில் தயிர்சாதம், அப்புறம் உடுப்பு மாற்று, அப்புறம் கார். ஏலகிரியிலிருந்து வேலூர் திரும்புகிறவர்கள், பின்சீட்டில் எல்லாம் தூங்கும் நேரத்தில் ஆம்பூரில் நிறுத்திப் பெரியவர்களுக்குப் பிரியாணி பார்சல் வாங்கிக்கொள்ளலாம்.