“காலைவரை பார்க்கலாம்” என்று காத்திருக்காதீர்கள்: கர்ப்பகாலம், வாரம் வாரமாக

பிரசவ வார்டில் செவிலியராக 26 வருடம் இருந்தேன். இரவுப் பணியில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு: “சாயங்காலமே தெரிஞ்சது சிஸ்டர். இதுக்கெல்லாம் போய் உங்களைத் தொந்தரவு பண்ணணுமான்னு காலைவரை பார்க்கலாம்னு இருந்துட்டேன்.” அந்தத் தயக்கம் ஒழிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். மொத்தம் 40 வாரம், 280 நாள். நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் இரண்டு கோடு தெரியும்போதே நீங்கள் 4, 5 வாரக் கர்ப்பிணி. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் 6ஆம் வார வாக்கில் மூடிவிடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். தினமும் 400 மைக்ரோகிராம், 12 வாரம் முடியும்வரை. சர்க்கரை நோயோ வலிப்பு நோயோ உள்ளவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம், மருத்துவரிடம் கேளுங்கள். இதுவரை தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள்.

முதல் தடவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் பயன்படுத்தும் மாத்திரை, களிம்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் குழந்தைக்குப் பெரிய கேடு, உடனே நிறுத்த வேண்டும். ஆனால் வலிப்புக்கோ தைராய்டுக்கோ ஆஸ்துமாவுக்கோ எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்தில் முடியும். வலிக்கு இபுப்ரோஃபென் வேண்டாம். மதுவில் “கொஞ்சம் பரவாயில்லை” என்ற அளவே கிடையாது. புகையும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பவர் விடும் புகை உட்பட. காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். காய்ச்சாத பால், வேகாத இறைச்சி, சுறா மாதிரி பாதரசம் சேரும் பெரிய மீன்களைத் தள்ளி வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதன் கழிவை வேறு யாராவது அள்ளட்டும்.

மசக்கை 6ஆம் வாரத்தில் தொடங்கி, பெரும்பாலும் 14, 16 வாரத்தில் அடங்கும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள், கண் விழித்ததும் எழுந்திருக்கும் முன்பே உலர்ந்ததாக எதையாவது மெல்லுங்கள். குடித்த தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது என்றால் அதைச் சாதாரண மசக்கை என்று விடக்கூடாது. போய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, மயக்கம், தோள் நுனியில் வலி, ரத்தக் கசிவு என்றால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.

அடுத்த மூன்று மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம். பசி வரும், தெம்பு வரும். 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, வேளை மாற்றிச் சாப்பிடுங்கள். டீ, காபியோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம்.

முதல் குழந்தையின் அசைவு 18, 20 வாரத்தில் தெரியும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும். 28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், எந்தக் கருவிக்கும் தெரியாது. என் இரண்டாவது கர்ப்பத்தில் 33ஆம் வாரம். இரவு படுத்ததும் விலாவில் உதைக்கிற பிள்ளை அன்று உதைக்கவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, விளக்கை அணைத்து, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு புரளல், அதுவும் மெல்ல. “தூங்குதோ என்னமோ” என்று எனக்கும்தான் தோன்றியது. ஆனாலும் கிளம்பிவிட்டேன். வயிற்றில் பட்டை கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அந்தக் காகிதத்தில் துடிப்பின் வேகத்தைக் காட்டும் கோடு மேலும் கீழுமாக ஓடாமல் தட்டையாகப் போவதை நானே பார்த்தேன். விடியும் முன் அறுவை சிகிச்சை. இன்று அவளுக்குப் பத்தொன்பது வயது.

அசைவு குறைந்தது என்று தெரிந்தால் உடனே போங்கள். சந்தேகம்தான் என்றால் என்னைப் போல ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால், இரவு எத்தனை மணியானாலும் கிளம்ப வேண்டியதுதான். வீட்டில் டாப்ளர் வைத்துத் துடிப்பைக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். துடிப்பு இருந்தாலும் குழந்தை சோர்ந்திருக்கலாம்.

இன்னொன்று ரத்த அழுத்தம். கடைசி மாதங்களில் சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது சகஜமில்லை. ஒரு பெண் 34ஆம் வாரத்தில் வந்தார். மோதிரத்தைக் கழற்றச் சோப்பு போட்டு இழுத்ததில் விரல் சிவந்து கிடந்தது. இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி வருகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் போல என்றார். பிரஷர் 170/110. 140/90 வந்தாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலும் இதே சந்தேகம்தான். அரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவெல்லாம் அரித்தால் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம்.

28 வாரத்திலிருந்து ஒருக்களித்துத் தூங்குங்கள். நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

பொய்வலி விட்டுவிட்டு வரும், நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். நிஜ வலி அடங்காது, நேரம் போகப் போக நெருங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படுங்கள். இரண்டாவது பிரசவம் என்றால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். 37 வாரத்துக்கு முன் எந்த வலி வந்தாலும், ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும் கணக்குப் பார்க்காமல் ஓடுங்கள். பனிக்குடம் எப்போது உடைந்தாலும் ஒரு நாப்கினை வைத்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ பழுப்போ என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. வார்டு வாசலில் உங்களைப் பார்க்கும் சிஸ்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியவை: எத்தனையாவது வாரம், நீர் எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம், குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது.