ஏழு கிலோவுக்குள் வெளிநாடு: கைப்பை மட்டும் போதும்

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று நம்மவர்கள் அதிகம் போகும் ஊர்களுக்குப் பறக்கும் பல விமானங்களில், சாதாரண வகுப்பில் கைப்பைக்கு அனுமதி 7 கிலோதான். மலிவு டிக்கெட் என்றால் செக்-இன் பெட்டிக்குத் தனியாகக் காசு. ஒரு வாரத்துக்கு ஏழு கிலோ தாராளமாகப் போதும். ஆனால் துணியைக் குறைப்பதில் ஆரம்பிக்கக் கூடாது, பையில் ஆரம்பிக்க வேண்டும்.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அனுமதியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அதிலேயே காலி. முதுகில் மாட்டும் துணிப்பை ஒரு கிலோவுக்குள் கிடைக்கும். சென்னை பாரிமுனைப் பக்கம் வாங்கப் போகும்போது தையல்காரர் டேப் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் கணக்கு. டிராலிதான் வேண்டுமென்றால் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளக்கவும். கடைக்காரர் சொல்லும் "இருபது இன்ச்" பெரும்பாலும் சக்கரம் இல்லாத அளவு. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தோளில் தொங்கும் சின்னப் பையையும் அந்த 7 கிலோவில் சேர்ப்பவர்கள் உண்டு.

அடுத்து எடைக் கணக்கு. அரைக்கை காட்டன் சட்டை ஒன்று 220 கிராம் என்று வைத்தால் மூன்று சட்டை 660. மாற்று பேண்ட் ஒன்று 400. உள்ளாடை நாலு செட் 300, லுங்கி 300, ரப்பர் செருப்பு 300. சோப்பு, பேஸ்ட், எண்ணெய் எல்லாம் சேர்ந்து 500. சார்ஜர், அடாப்டர், பவர் பேங்க் 400. மருந்தும் காகிதங்களும் 350. துண்டு 130. பை ஒரு கிலோ. மொத்தம் நாலரைக் கிலோகூட வராது. சுடிதார் என்றால் செட்டுக்கு 450 கிராம் போட்டு, சட்டை பேண்ட்டுக்குப் பதில் மூன்று செட், லுங்கிக்குப் பதில் நைட்டி என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோவுக்குள் நின்றுவிடும். ஜீன்ஸும் ஷூவும் உடம்பில்தான் வர வேண்டும், பையில் அல்ல. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவும்: ரவிக்கை, பாவாடையோடு சேர்த்தால் அதுவே ஒரு கிலோவைத் தொடும். காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் உறை இடத்தைத்தான் குறைக்கும். எடை அப்படியே இருக்கும், கவுண்ட்டரில்தான் தெரியும்.

மூன்று சட்டையில் ஏழு நாள் ஓட வேண்டுமானால் ராத்திரி துவைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த 130 கிராம் துண்டு. டர்க்கி டவல் அரைக் கிலோ, ஈரமானால் காயவே காயாது, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் கிடைக்கும் மெல்லிய பருத்தித் துண்டு போதும். துவைத்த சட்டையைப் பிழிந்து, விரித்த துண்டின்மேல் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாயைப் போலச் சுருட்டி, இரு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். சட்டையில் இருந்த தண்ணீர் துண்டுக்கு வந்துவிடும். பிறகு ஃபேனுக்குக் கீழே ஹேங்கரில் மாட்டினால் விடியும்போது உடுத்தலாம். பாலியஸ்டர் கலந்த துணி இன்னும் சீக்கிரம் காயும்.

திரவத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஒரு பாட்டில் 100 மி.லி.க்கு மேல் கூடாது. எல்லாப் பாட்டிலும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே கண்ணாடிக் கவரில் அடங்க வேண்டும். பார்ப்பது பாட்டிலின் அளவை, 200 மி.லி. பாட்டிலில் அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் குப்பைத்தொட்டிதான். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து கட்டியாக இருந்தாலும் கணக்கில் திரவமே. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டை மிஞ்சிய பயண ஏற்பாடு எந்த நாட்டிலும் இல்லை. ஆறு பாக்கெட் கிழித்துக்கொள்ளுங்கள். கட்டிச் சோப்பு திரவம் இல்லை, பாதி வெட்டி எடுத்தால் போதும்.

ஊறுகாய், நெய், மிளகாய்த்தூள், மசாலாத்தூள் இவை கைப்பையில் போகாது. கற்பூரமும் தீப்பெட்டியும் தீப்பிடிக்கும் பொருள். பூஜைச் சாமான் கட்டும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கசகசா துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆகவே ஆகாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. "இன்னாமா, ஒரே ஒரு பாட்டிலு, சைடுல சொருவிக்கோ, எங்க அக்கா பையன் வந்து வாங்கிப்பான்" என்று அக்கம்பக்கத்தார் தெருமுனை வரை வந்து கொடுப்பார்கள். எடைக்காக மட்டுமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுக்கவும். டப்பாவில் கொட்டிக் கலக்க வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-அவருக்குள். 20,000 மில்லி ஆம்பியர் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74, தாராளமாகப் போகும். 30,000 என்றால் 111, நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பர்மா பஜாரில் வாங்கினால் எண்கள் அழியாமல் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெரியாததைப் பறித்துவிடுவார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் மூன்று தட்டைக் கம்பி பிளக். அதே பஜாரில் அந்த அடாப்டரையும் பார்த்து வாங்கலாம்.

கட்டி முடித்ததும் எடை போடுங்கள். கொக்கித் தராசு இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடைத் தராசு இருக்கவே இருக்கிறது. ஆறரையில் நிறுத்தவும், விமான நிலையத் தராசும் கடைத் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்ப வேண்டாம்.

ஒரே பை என்றால் மெட்ரோவிலேயே போகலாம். விம்கோ நகர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் நீல வழித்தடம் நேரே விமான நிலையம் போகும். நள்ளிரவு விமானத்துக்குக் கடைசி ரயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும்போதும் அதே விதிதான். கோடாலித் தைலம் 56 மி.லி. பாட்டில் விதிக்கு உட்பட்டதே, ஆனால் ஒரு டஜன் அந்த ஒரு லிட்டர் கவரில் சோப்பு சாமானோடு சேர்ந்து மூடாது. சொந்தக்காரர்களுக்குச் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள்.